தூங்கி எழுந்தும் தீராத அசதிக்கு என்ன பண்றது

ஒருநாள் நைட்டு வீட்டுக்குள்ள நுழையும்போது அம்மா "சாப்டியாப்பா"ன்னு கேட்டாங்க, எனக்கு சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. கேட்டதுக்காக இல்ல, அதுக்கு ஒரு பதில் சொல்லணுமேன்னு. அப்பதான் ஏதோ சரியில்லன்னு உறைச்சுது, ஏன்னா அதுக்கு முன்னாடி ஒரு மாசமா பார்க்கிங்ல பைக்க நிறுத்திட்டு மேல ஏறாம இருபது நிமிஷம் ரீல்ஸ் பாத்துட்டு நின்னிருக்கேன், அத நான் பழக்கம்னு நெனச்சிருந்தேன்.

சென்னை ஓஎம்ஆர்ல வாய்ஸ் ப்ராசஸ், அதாவது ஃபோன்ல கஸ்டமர்கிட்ட பேசற வேலை, திருவான்மியூர்ல வீடு, அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் கை வராது.

உடம்பு அசதின்னா ஞாயித்துக்கிழமை நல்லா தூங்குனா போயிடும். இது போகாது, இதுக்கு பேரு பர்ன்அவுட். சிரிக்கிற மாதிரி குரல வச்சுக்கிட்டு நாள் பூரா திட்டு வாங்கறவங்க, வீட்ல முடியாதவங்கள பாத்துக்கறவங்க, நர்ஸ், டீச்சர், இவங்களுக்குதான் அதிகம் வரும். அந்த வார்த்தைய 1974ல இந்த அர்த்தத்துல எழுதுன சைக்காலஜிஸ்ட் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கரே நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக்ல வேலை பாத்து தானே நொந்து போனவர்தான். அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக்னு இன்னொரு சைக்காலஜிஸ்ட் இத மூணா பிரிச்சாங்க: மனசு வறண்டு போறது, எதிர்ல இருக்கற மனுஷன் மனுஷனாவே தெரியாம போறது, நாம எதுக்குமே லாயக்கில்லன்னு தோணறது. ரெண்டாவதுதான் எனக்கு பக்குனு இருந்துச்சு, கஸ்டமர் அழும்போது கூட எனக்கு அவங்க கம்ப்ளெய்ன்ட்டோட டிக்கெட் நம்பர் மட்டும்தான் கண்ணுக்கு தெரிஞ்சுது.

உலக சுகாதார நிறுவனம் 2019ல இத நோய் இல்ல, வேலை சம்பந்தப்பட்ட விஷயம்னு தெளிவா சொல்லிச்சு. சரி, மாமியாருக்கு டயப்பர் மாத்தறவங்க எந்த மேனேஜர்கிட்ட போய் லீவு கேப்பாங்க?

மொதல்ல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சுகர். எனக்கு பி12 கம்மியா இருந்துச்சு, ஊசி போட்டதும் கால் இழுக்கறது நின்னுச்சு, எரிச்சல் மட்டும் அப்படியே இருந்துச்சு.

அடுத்தது ஒரு வாரம் கணக்கு எழுதுங்க, எத்தன மணி நேரம் வேலைன்னு இல்ல, யார்கிட்ட பேசி முடிச்சதும் உள்ள காலியாகுதுன்னு. நான் கஸ்டமர்தான்னு சத்தியமே பண்ணிருப்பேன். எழுதி பாத்தா நைட்டு ஒன்பதரைக்கு வர்ற ஃபேமிலி கால், பெங்களூர்ல இருந்து அண்ணன், அக்கா, சித்தப்பா, ஒவ்வொருத்தருக்கும் அம்மா எப்படி இருக்காங்கன்னு மொதல்லேர்ந்து ரிப்போர்ட், அப்புறம் ஆளாளுக்கு அட்வைஸ். இப்போ ஞாயித்துக்கிழமை ஒரே கால், மத்த நாள் வாட்ஸ்அப் குரூப் ம்யூட். அண்ணனுக்கு வருத்தம்தான், பரவால்ல.

உதவி கேக்கறதா இருந்தா நாள் நேரத்தோட கேளுங்க. "கஷ்டமா இருக்குக்கா"ன்னா "ஆமாடா பாவம்"னுதான் வரும். "சனிக்கிழமை காலைல 9லேர்ந்து 1 வரைக்கும் அம்மாகூட இருக்கியா"ன்னு கேட்டேன், அக்கா அம்பத்தூர்லேர்ந்து வந்துச்சு.

ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி வேணும், டிராஃபிக்ல நிக்கறது அந்த கணக்குல வராது. நான் திருவான்மியூர் பீச்ல கால் மணி நேரம் ஃபோன வண்டி பாக்ஸ்ல போட்டுட்டு உக்காருவேன். பாண்டிச்சேரி ட்ரிப்பும் அடிச்சு பாத்தேன், ஈசிஆர்ல திரும்பி வரும்போதே பழையபடி ஆயிடுச்சு.

ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே பிடிப்பு இல்ல, தூக்கம் சாப்பாடு கெட்டுப்போச்சு, இருந்து என்ன பண்றதுன்னு நெனப்பு வருதுன்னா நோட்டுலாம் மூடி வச்சிடுங்க, இது டிப்ரஷனா இருக்கலாம், டாக்டர்தான் பாக்கணும். அந்த கடைசி நெனப்பு வந்துச்சுன்னா ரெண்டு வாரம்லாம் காத்திருக்காதீங்க. 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி லைன், காசு கிடையாது, நடுராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நேர்ல போகணும்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கு, 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, நாமதான் அந்த பேர வச்சு கிண்டல் பண்ணியே வளந்துட்டோம். நான் போனப்போ ஓபி வரிசைல எனக்கு முன்னாடி ஐடி கார்டு மாட்டிட்டு ஒருத்தர் நின்னாரு, பின்னாடி ஒரு பூக்காரம்மா. ஆட்டோல ஏறும்போது பேர சொல்ல கூச்சமா இருந்தா மேடவாக்கம் டேங்க் ரோடுன்னு சொல்லுங்க, கரெக்டா கேட்டுலயே கொண்டு போய் விட்டுடுவாங்க.