கிரில் அடுப்பு வாங்கும்போது பர்னர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள்

வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் சமைக்க கிரில் அடுப்பு வாங்கப் போனால், முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். தகடு லேசாக இருந்தால் சூடு நிற்காது, காற்றடித்தால் இன்னும் மோசம். அப்புறம் அடுப்பைப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே ஆடுகிற அடுப்பு வேண்டாம்.

கம்பித்தட்டு வார்ப்பிரும்பா என்று கேளுங்கள். அது சூட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எண்ணெய் தடவிப் பராமரிக்காவிட்டால் துருப்பிடிக்கும். அந்த வேலை ஒத்துவராது என்றால் துருப்பிடிக்காத எஃகே சரி. ஒரு காந்தம் கொண்டுபோங்கள்: 304 ரக எஃகில் அது பெரும்பாலும் ஒட்டாது, மலிவான 430 ரகத்தில் நன்றாக ஒட்டும். வெளியில், அதுவும் கடற்காற்றில் நிற்கும் அடுப்புக்கு 304 தான் நல்லது.

கரி அடுப்பு என்றால் மேலும் கீழும் திறந்து மூடும் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். தணலைக் கூட்டுவதும் குறைப்பதும் அவற்றால்தான். சாம்பல் தட்டு தனியாகக் கழன்று வருவதாக இருந்தால் சுத்தம் செய்வது சுலபம். கேஸ் அடுப்பு என்றால் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பற்றவைக்கக் கூடாது.

எந்த வகையானாலும் வீட்டுக்குள் வைத்து எரிக்கவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.