மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை: எம்.பி. வழியாக எழுத்தில் பதில் வாங்குவது எப்படி?

மக்களவையில் நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு அமைச்சர் எழுத்தில்தான் பதில் தருவார், துணைக்கேள்வி கிடையாது. அதனால் முதல் தடவையே நழுவ இடமில்லாமல் கேட்க வேண்டும். "பாதை எப்போது முடியும்?" என்றால் "பணிகள் நடந்து வருகின்றன" என்று வரும். இப்படிக் கேளுங்கள்: தேவைப்படும் நிலம் எத்தனை ஹெக்டேர், இன்றுவரை கைக்கு வந்தது எத்தனை, ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு?

150 சொல்லைத் தாண்டக் கூடாது. பதில் நாளுக்கு 15 முழு நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த உடனே எம்.பி. அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மாநில அரசின் வேலையைக் கேட்டால் ஏற்க மாட்டார்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அதைச் சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. கேட்கட்டும்.

"தகவல் திரட்டப்படுகிறது" என்று பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அது அவைக்குத் தந்த உறுதிமொழி. 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கும்.