மதுரையில் வீடெடுத்துத் தங்க வருகிறவர்களுக்கு

அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக மலேசியாவின் கிள்ளானிலிருந்து மதுரைக்கு வந்தபோது, டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் தேடாமல் அண்ணா நகரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட் எடுத்தோம். அரவிந்த் கண் மருத்துவமனை அந்தப் பக்கம்தான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஐந்து வாரம் இருந்தோம். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் எழுதி வைக்கிறேன்.

கோயிலைப் பார்த்துவிட்டு மறுநாளே ரயில் ஏறுகிறவர்களுக்கு லாட்ஜ் போதும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் வைகைக்கு வடக்கே அண்ணா நகர், கே.கே. நகர், சொக்கிகுளம் பக்கம் பாருங்கள். சென்னை, திருச்சி, நெல்லை போகிற வண்டிகள் நிற்கும் மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் அங்கிருந்து கிட்டம். கோயம்புத்தூர், கொடைக்கானல் போகிற வேலை இருந்தால் ஆரப்பாளையம் பேருந்து நிலையம், அதற்கு எஸ்.எஸ். காலனி வசதி.

வீடு பார்க்கும்போது சோபாவையும் டிவியையும் பார்த்து மயங்காதீர்கள். முதலில் எத்தனையாவது மாடி என்று கேளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீட்டைச் சித்திரை வெயிலில் எடுத்தால் தொலைந்தது. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் அனல் கக்கும். நாங்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டு, நான்காம் நாள் கீழ் வீட்டுக்கு மாறினோம். ஏசிக்கு கரண்ட் பில் வாடகைக்குள்ளா, தனி மீட்டரா என்பதையும் பேசிவிடுங்கள். தனி என்றால் நுழைகிற அன்றே மீட்டரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிற நாளும் வரும். அன்றைக்கு இன்வெர்ட்டர் ஃபேனையும் லைட்டையும்தான் ஓட்டும், ஏசி ஓடாது. நம் மலேசியச் சதுரக் கால் பிளக் இங்கே நுழையாது, உருண்டைக் கால்தான். அடாப்டர் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். கனடா, அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் 110 வோல்ட் ஹேர் டிரையரைச் செருகிவிடாதீர்கள். இங்கே 230 வோல்ட்.

அப்புறம் தண்ணீர். பல வீடுகளில் குளியலறைக் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் வாங்குவதுதான் வழக்கம். கேன் போடும் தம்பியின் நம்பரை வாட்ச்மேன் அண்ணனிடம் முதல் நாளே வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால், இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் விவரத்தை அரசு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். 'சி ஃபார்ம்' என்பார்கள். பாஸ்போர்ட், விசா நகல் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமலே சாவியைக் கொடுக்கிறவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

லாட்ஜில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். தெருவில் அப்படியில்லை. "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்பது வேவு பார்க்க இல்லை, பதில் சொன்னால் போதும், அன்று மாலையே இட்லி மாவு எங்கே நன்றாக இருக்கும், இஸ்திரி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று எல்லாம் வந்துவிடும். "பசியாறிட்டீங்களா" என்று நான் கேட்டதற்கு அந்த அக்கா சிரித்தார், இங்கே "சாப்டாச்சா"தான். காலையில் வாசல் கோலத்தை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். குப்பையை மக்கும், மக்காத என்று பிரித்துக் கொடுங்கள். அசைவம் சமைக்கக் கூடாது என்று சில வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், பிறகு மல்லுக்கட்டாதீர்கள். பக்கத்தில் அம்மன் கோயில் திருவிழா என்றால் விடியற்காலையிலேயே ரேடியோ செட் அலறும். அதற்கு மருந்து கிடையாது.

சித்திரைத் திருவிழா சமயத்தில் வருவதாக இருந்தால் மாதக்கணக்கில் முன்பே சொல்லி வையுங்கள். சொக்கிகுளம், தல்லாகுளம் பக்கம் எடுத்தால், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை நடந்து போகிற தூரம். ஆனால் அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டி ஆட்டோ வராது. மருத்துவமனைத் தேதி அந்த வாரத்தில் விழுந்தால் மாற்றிக் கேளுங்கள்.