பாலத்தை மாற்றும் முன் மக்களிடம் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பால் வரை 6.7 கிலோமீட்டருக்கு இரும்பு மேம்பாலம் கட்ட 2016-இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் மக்களிடம் சரியாகக் கலந்துபேசவில்லை. 812 மரங்கள் போகும் என்று தெரிந்ததும் அக்டோபர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள். 2017 மார்ச்சில் திட்டத்தையே கைவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்டால் இப்படித்தான் முடியும்.

சரி, சீக்கிரமே கேட்டுவிட்டால் போதுமா? வெற்றுத்தாளை நீட்டி "எப்படிப்பட்ட பாலம் வேண்டும்?" என்பதும் தவறுதான். ஆளுக்கொன்று சொல்வார்கள், பாதி நடக்காது என்று பொறியாளருக்கு அப்போதே தெரியும். தூண்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கும், கையில் இவ்வளவு பணம்தான் இருக்கிறது, லேன்களை எப்படிப் பிரிப்பது என்பதைப் பேசலாம் வாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கனடாவின் வான்கூவரில் கிரான்வில் பாலத்தை மாற்றியபோது ஏறக்குறைய இப்படித்தான் செய்தார்கள். 1954-இல் திறந்த பாலம், 8 லேன். அத்தனை லேன் கார்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் நடப்பவர்களுக்கு இரண்டு ஓரத்திலும் ஒடுக்கமான நடைபாதைதான். பாலத்தின் நடுவே உயர்த்திய பாதை என்பது ஆரம்பகால யோசனைகளில் ஒன்று. படத்தில் அது பிரமாதமாகத்தான் இருக்கும். இரவு பதினோரு மணிக்கு, இருபுறமும் கார்கள் பறக்க, தனியாக நடக்கும் பெண் அதை எப்படிப் பார்ப்பாள் என்பது வரைபடத்தில் தெரியாது. 6 மாதிரிகளை மக்கள் முன் வைத்துப் பேசி, 2020-இல் அந்தப் பாதைக்கு மேற்கு ஓரத்தைத் தேர்ந்தார்கள்.

கூட்டத்தை மண்டபத்தில் மட்டும் நடத்துவது இன்னொரு தவறு. வேலைநாள் மதியம் மண்டபத்துக்கு வருபவர்கள் யார் என்று நமக்கே தெரியும். பாலத்திலேயே போய் நில்லுங்கள். கிரான்வில் மாதிரியான பாலத்தில் கார்கள் பிரிந்து இறங்கும் இடத்தை நடைபாதையும் கடக்கிறது. சிக்னல் இல்லாவிட்டால், குழந்தை வண்டியோடு வருபவர் நின்று, கழுத்தைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் வரும் கார் நேராகப் போகிறதா, இறங்கப் போகிறதா என்று ஊகிக்க வேண்டும். இதைப் பத்து நிமிடம் பார்த்தால் கேள்வித்தாளில் என்ன கேட்க வேண்டும் என்று தானாகவே புரியும்.

அப்புறம், சோதனை ஓட்டம். கிரான்விலுக்குப் பக்கத்திலேயே உள்ள பரார்ட் பாலத்தில் 1996-இல் ஒரு லேனைச் சைக்கிளுக்கு ஒதுக்கிப் பார்த்தார்கள். ஆறு மாதம் என்றுதான் அறிவித்திருந்தார்கள். கார் ஓட்டுபவர்கள் சத்தம் போட்டதும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். முதல் வாரம் எந்த ஊரிலும் நெரிசல்தான் இருக்கும். ஓட்டுபவர்கள் வேறு வழி பழக நாளாகும். 2009 ஜூலையில் மறுபடி முயன்றார்கள், இந்தமுறை அவசரப்படவில்லை. சைக்கிள் லேன் நிலைத்துவிட்டது.

ஆனால் அதிலும் ஒரு கோளாறு, இதைத்தான் பலர் சொல்வதில்லை. வடக்கே போகும் சைக்கிள்களுக்கு இடம் தருவதற்காகக் கிழக்கு நடைபாதையை எடுத்துக்கொண்டார்கள். நடப்பவர்களுக்கு மேற்கு ஓரம் மட்டும் மிஞ்சியது. சைக்கிள்காரர்களுக்குச் சங்கம் உண்டு, கார்காரர்களுக்குக் குரல் உண்டு. மருந்து வாங்கப் பாலத்தைக் கடக்கும் பாட்டிக்கு எந்தச் சங்கம் இருக்கிறது? கூட்டத்துக்கு வராதவர்களின் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போகாவிட்டால், பேசத் தெரிந்த இரண்டு தரப்புக்கு நடுவே செய்த சமரசத்தையே மக்கள் கருத்து என்று எழுதிவிடுவோம். பரார்டின் கிழக்கு நடைபாதை நடப்பவர்களிடம் திரும்ப வந்தது 2017-இல், சைக்கிளுக்குச் சாலையிலேயே தனி லேன் பிரித்த பிறகு.