காற்றுக்கு விழுந்த சவுக்கில் ஒரு கிண்ணம்

காற்றுக்குச் சரிந்த மரம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இரண்டு நாள்தான் மரமாகக் கிடக்கும். மூன்றாம் நாள் கோடரி வந்துவிடும், அப்புறம் அது விறகு. அதனால் இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைச் சுற்றுவட்டத்தில் எங்கே சவுக்கு (இங்கே அப்படிச் சொல்வது சில்வர் ஓக் மரத்தை) விழுந்தாலும், கிண்ணம் கடைய மரம் எடுக்க அன்றைக்கே போய்விடுவேன். முதலில் தோட்டத்து ஒபீசில் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். தேயிலைக்கு நிழலாக வைத்த மரம், விழுந்தாலும் தோட்டத்துச் சொத்துதான். பலா என்றால் இன்னும் கவனம். சொந்த வளவில் நின்றாலும் அதை வெட்ட அனுமதி வேண்டும். கிராம சேவகரிடம் சொல்லாமல் கை வைக்காதீர்கள்.

புதிதாகக் கடைபவருக்கு சவுக்குதான் நல்லது. மென்மையான மரம், உள்ளே மீன் செதில் மாதிரி மினுங்கும் ரேகை. டர்பன்டைன் மரம் (யூகலிப்டஸ்) முறுக்கிக்கொண்டு வெடிக்கும், அது பிறகு பார்க்கலாம். ஒன்று மட்டும்: சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிக்கும். எனக்கு முழங்கை வரை தடித்துவிட்டது. முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மாஸ்க், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு.

பத்து அங்குலக் கிண்ணத்துக்கு பன்னிரண்டு அங்குல நீளத்தில் துண்டு போட்டு, நெடுக்காக நடுவில் பிளந்து, மையத்தில் சோறு என்று சொல்லும் மெத்தென்ற பகுதியை இரண்டு பக்கமும் விரல் கனத்துக்கு எடுத்துவிடுங்கள். வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அன்றைக்கே கடைய முடியாவிட்டால் வெட்டுமுகத்தில் மெழுகையாவது பழைய பெயின்ட்டையாவது பூசி வையுங்கள்.

துண்டை வட்டமாக அறுத்து கடைசல் மெஷினில் ஏற்றிய பிறகு, சுவிட்சைப் போடும் முன் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். உளியைத் தாங்கும் கம்பியில் மரம் எங்காவது இடிக்கலாம். வேகம் நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் வேண்டாம், உருண்டை வந்த பிறகு கூட்டலாம். போடும்போது மரத்துக்கு நேரே நிற்காதீர்கள். குழி உளியைப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உளி முனையின் தீட்டிய சாய்வு முதலில் மரத்தில் சும்மா உரச வேண்டும், வெட்டக் கூடாது. பிடியை ஒரு நூல் தூக்குங்கள். 'சர்'ரென்று ஈரச் சுருள் தோளுக்கு மேலே பறக்கும். சுருள் வராமல் தூள் வந்தால் நீங்கள் கடையவில்லை, சுரண்டுகிறீர்கள். வெளிப்பக்கம் அடியிலிருந்து வாய்க்கு, உள்பக்கம் வாயிலிருந்து நடுவுக்கு.

இப்போது மெல்லியதாக்கும் ஆசையை அடக்குங்கள். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு சுவர் விடுங்கள், அதாவது ஒரு அங்குலம். காயும்போது நாருக்குக் குறுக்கே அதிகம் சுருங்கி வாய் நீள்வட்டமாகும். அதைத் திரும்ப வட்டமாக்க சதை வேண்டும்.

காய வைப்பதில்தான் நான் நிறைய இழந்தேன். அட்டன் பக்கம் ஆடி மாதம் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும், கிண்ணம் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே அதே ஆடியில் வறண்ட காற்று. முதல் வருஷம் அலுமாரி மேல் வைத்த ஏழில் ஐந்து, ராத்திரியில் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டே வெடித்தன. இப்போது தேயிலைக் கடதாசிச் சாக்கில் அதன் ஈரச் சுருளோடு போட்டுக் கட்டி, காற்றுப் படாத மூலையில் வைக்கிறேன். பூஞ்சணம் கண்டால் சுருளை மாற்றுவேன். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையை அடியில் பென்சிலால் எழுதுங்கள். மூன்று வாரம் எடை இறங்கவில்லையா, காய்ந்துவிட்டது. எனக்கு ஐந்தாறு மாதம் ஆகிறது.

திரும்பக் கடைந்து, சேன்ட் பேப்பர் 120இல் தொடங்கி 320 வரை. தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள், அது காயாது, நாளாக சிக்கு வாடை அடிக்கும். கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெய் தடவுங்கள், காய சில வாரமாகும். ஹார்ட்வெயார் கடையில் 'கொதிக்க வைத்தது' என்று விற்பது சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். நான் ஒவ்வொன்றாக விரித்து முள்கம்பி வேலியில் போட்டுவிடுவேன்.