பச்சை ஸ்மூத்திக்கு முருங்கையும் கொய்யாவும் போதும்

சுங்கை சிப்புட்டில் கேல் கீரையைத் தேடி அலைய வேண்டாம். லயத்து வீட்டுப் பின்னால் நிற்கும் முருங்கையே போதும்.

காலையில் பசியாறும்போது நான் செய்வது இதுதான். கொழுந்து இலையாக ஒரு கைப்பிடி உருவி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுப்பேன். பச்சை வாடை அடங்கிவிடும். ஒரு கொய்யாவைத் தோலோடு நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அடித்து, விதையை மட்டும் வடிகட்டுவேன். அப்புறம் கீரையையும் ஒரு பிசாங் மாஸ் வாழைப்பழத்தையும் போட்டு நைசாக அடித்தால் சரி. கெட்டிப்பால் வேண்டவே வேண்டாம், பழத்தின் இனிப்பே தாராளம்.

கொய்யாவைச் சும்மா சேர்க்கவில்லை. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் லேசில் சேராது. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். 100 கிராம் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. ஆனால் கையோடு தே தாரிக் குடித்தால் பலன் குறையும். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

ரத்தம் கம்மி என்று கிளினிக்கில் மாத்திரை வாங்கி வரும் அக்காமார்களே, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இது அதற்குத் துணைதான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது.