தொலைபேசி ஒலிக்கும்போதே அழைப்பவரின் விவரம் திரையில் வர: தரவுத்தளத்தை இணைக்கும் முறை

சேலம் லீ பஜாரில் உள்ள ஜவ்வரிசி மொத்த வணிகர் ஒருவரின் அலுவலகத்துக்கு இந்த இணைப்பை அமைத்துக் கொடுத்தேன். வடநாட்டில் விரத நாட்கள் நெருங்கும்போது அங்கே நான்கு மேசைகளிலும் தொலைபேசி ஓயாது. மகாராஷ்டிரத்திலிருந்து இந்தியில் பேசும் கடைக்காரர், ஆத்தூர் ஆலைக்காரர், பாதி வழியில் நிற்கும் லாரி ஓட்டுநர் என்று யார் அழைத்தாலும், “யார் பேசுறீங்க, எந்த ஊரு, எந்த பில்லு” என்று கேட்டுக் கணக்கைத் தேடி எடுப்பதிலேயே முதல் ஒரு நிமிடம் போய்விடும். அழைப்பவரின் எண்ணைத் தரவுத்தளத்தில் தேடி, மணி அடிக்கும்போதே பெயரையும் ஊரையும் பேசும் மொழியையும் காட்டிவிட்டால் அந்த நிமிடம் மிச்சமாகும். இந்தி தெரிந்தவரே அழைப்பை எடுக்கவும் முடியும்.

தொலைபேசிப் பகுதிக்கு, அழைப்புகளைக் கணினி வழியாக வாங்கி மேசைகளுக்கு அனுப்பும் ஆஸ்டெரிஸ்க் என்ற திறமூல மென்பொருளையும், விவரங்களைச் சேமிக்க மரியாடிபி தரவுத்தளத்தையும் பயன்படுத்தினேன். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. ஒரு சாதாரணக் கணினியே இரண்டையும் தாங்கும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்லும் வரிசை பொருந்தும்.

நிரல் எழுத உட்காரும் முன், ஒரு வாரத்து அழைப்புப் பதிவை எடுத்து, எண்கள் எந்தெந்த வடிவத்தில் வருகின்றன என்று பாருங்கள். என் அனுபவத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. ஒரே கைபேசி எண் ஒரு லைனில் +91 சேர்ந்தும், இன்னொன்றில் முன்னால் 0 சேர்ந்தும், மற்றொன்றில் வெறும் பத்து இலக்கமாகவும் வரலாம். சேலம் நகரத் தரைவழி எண் 0427 குறியீட்டோடும் வரலாம், ஏழு இலக்கமாக மட்டும் வரலாம். ஏற்காட்டுக்கு 04281, ஆத்தூருக்கு 04282. அங்கெல்லாம் குறியீட்டுக்குப் பின் ஆறு இலக்கங்கள். முதலில் வரும் 0 நீங்கலாகக் கணக்கிட்டால் இந்திய எண் எதுவானாலும், கைபேசியோ தரைவழியோ, பத்து இலக்கம்தான் என்பது நமக்குப் பெரிய வசதி.

ஆகவே விதியை இப்படி வகுத்துக்கொள்ளலாம். இலக்கமல்லாத குறிகளை நீக்கிவிட்டுக் கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுங்கள். ஏழு இலக்கம் மட்டுமே இருந்தால் முன்னால் 427 சேருங்கள். + குறியோடு வந்து 91 அல்லாத நாட்டுக் குறியீடு இருந்தால் வெட்டாமல் முழுதாக வையுங்கள். எண்ணே வராவிட்டால் தேடவே வேண்டாம். தொடக்கத்தில் நான் கடைசி ஏழு இலக்கங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மகாராஷ்டிரத்தின் சாங்லியிலிருந்து அழைத்த கடைக்காரருக்கு, உள்ளூரில் சாக்குப்பை தருபவரின் பெயர் திரையில் வந்தது. தவறான பெயர் வருவதைவிடப் பெயரே வராமலிருப்பது மேல். ஒருமுறை ஏமாந்த ஊழியர் பிறகு திரையை நம்ப மாட்டார்.

செப்புக் கம்பி லைன் வைத்திருப்பவர்கள் அதைக் கணினியோடு சேர்க்கும் கேட்வே கருவியைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் பல லைன்களில் அழைப்பவரின் எண் முதல் மணிக்கு முன்பே டிடிஎம்எஃப் ஒலிகளாக (தொலைபேசிப் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் ஒலிகள்) வருகிறது. கருவி வேறு முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால் எல்லா அழைப்பும் எண்ணில்லாமல்தான் வந்து சேரும்.

அடுத்தது அட்டவணை. வாடிக்கையாளர் அட்டவணையிலேயே தொலைபேசிக்கென ஒரு கட்டம் வைப்பது போதாது. எண்களுக்குத் தனி அட்டவணை வேண்டும். ஒரு கடைக்கு முதலாளி, கணக்கர், கிடங்குக்காரர் என மூன்று எண்கள் இருக்கும். ஒரு தரகர் தன் ஒரே எண்ணிலிருந்து ஐந்து கடைகளுக்காகப் பேசுவார். எனவே அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் எண், வாடிக்கையாளர் குறியீடு, அது யாருடைய எண் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும். எண்ணை எழுத்து வகையாகச் சேமியுங்கள். சாதாரண முழுஎண் வகையின் உச்சவரம்பு 2,147,483,647 என்பதால் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்கும் நம் கைபேசி எண் எதுவும் அதில் அடங்காது. எண் கட்டத்துக்குத் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் போடுவதும், தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறாமலிருக்க அட்டவணை, இணைப்பு இரண்டையும் யுடிஎஃப்8எம்பி4 குறிமுறையில் வைப்பதும் அவசியம். டேலி கணக்கு மென்பொருளிலிருந்து விவரம் எடுப்பவர்கள், ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு மூன்று எண்களை எழுதியிருப்பதைப் பிரித்து, மேற்சொன்ன விதியால் சீராக்கிய பிறகே உள்ளே ஏற்ற வேண்டும்.

இனி இணைப்பு. அழைப்பு வந்ததும் ஆஸ்டெரிஸ்க்கே தரவுத்தளத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு மணி அடிக்கும்படி அமைக்க முடியும். ஆனால் தரவுத்தளம் தாமதித்தால் மணியும் தாமதிக்கும், வாடிக்கையாளர் காத்திருப்பார். நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஆஸ்டெரிஸ்க்கின் மேலாண்மை இடைமுகம், மற்ற நிரல்கள் வந்து இணையும் வாசலான 5038 என்ற போர்ட்டில் ஒவ்வொரு நிகழ்வையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். தனியாக ஒரு சிறு நிரல் அதைக் கேட்டுக்கொண்டிருந்து, எந்த மேசைக்கு மணி அடிக்கத் தொடங்குகிறது என்பதைச் சொல்லும் ‘டயல்பிகின்’ நிகழ்வு வந்தவுடன் எண்ணைச் சீராக்கி, தேடி, கிடைத்த விவரத்தை அந்த மேசையில் திறந்திருக்கும் பிரவுசர் பக்கத்துக்கு, எப்போதும் திறந்தே இருக்கும் இணைப்பான வெப்சாக்கெட் வழியாக அனுப்பட்டும். நிரல் நின்றுபோனாலும் தொலைபேசி வழக்கம்போல் ஒலிக்கும். நான்கு மேசைகளுக்கும் ஒன்றாக மணி அடித்தால் நான்கிலும் விவரப் பெட்டி தோன்றும். ஒருவர் எடுத்ததை ‘டயல்எண்ட்’ நிகழ்வு தெரிவித்ததும் மற்ற மூன்றிலும் அதை மறைத்துவிட வேண்டும்.

நிரலுக்குத் தரும் மேலாண்மைக் கணக்குக்கு அழைப்பு நிகழ்வுகளைக் கேட்கும் உரிமை மட்டும் போதும். 5038 போர்ட்டை எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். தரவுத்தளத்திலும் அதேபோல், தேடுவதற்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கை உருவாக்குங்கள்.

திரையில் என்ன காட்டுவது என்பதில் சிக்கனம் தேவை. பெயர், ஊர், மொழி, கடைசியாக அனுப்பிய மூட்டைகளும் தேதியும், போன தடவை பேசியவர் எழுதிய ஒரு வரிக் குறிப்பு, இவ்வளவே போதும். மேசைக்கு எதிரே பிற வியாபாரிகளும் உட்கார்ந்திருப்பதால் பாக்கித் தொகையை ஒரு பொத்தானுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். பெட்டி திரையின் ஓரத்தில் வர வேண்டும். விசைப்பலகையின் கவனத்தை அது பறிக்கக் கூடாது. பில் அடித்துக்கொண்டிருப்பவர் எண்டர் தட்டும் நொடியில் பெட்டி குறுக்கே வந்தால், தட்டியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது. புதிய எண்ணாக இருந்தால், எண் நிரப்பப்பட்ட வெற்றுப் படிவம் வரட்டும். பேசும்போதே பெயரை எழுதிச் சேமித்தால் அட்டவணை தானாக வளரும்.

திரையில் வரும் எண்ணைப் போலியாக அனுப்ப முடியும் என்பதை ஊழியர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெயர் சரியாக வந்தது என்பதற்காக வங்கிக் கணக்கு மாற்றத்தையோ சரக்கு இறக்கும் இட மாற்றத்தையோ ஏற்கக் கூடாது. பதிவிலுள்ள எண்ணுக்கு நாமே திருப்பி அழைத்து உறுதிசெய்ய வேண்டும்.

மின்வெட்டுக்குப் பின் கணினி எழும்போது தரவுத்தளத்துக்கு முன்பே நிரல் ஓடத் தொடங்கிவிடலாம் என்பதால், இணைப்பு கிடைக்கும்வரை சில நொடிகளுக்கு ஒருமுறை அது முயன்றுகொண்டே இருக்கும்படி எழுதுங்கள். பக்கத்தின் மூலையில் இணைப்பு உயிரோடிருந்தால் பச்சையாகவும் அறுந்தால் சிவப்பாகவும் மாறும் ஒரு புள்ளியை வையுங்கள். பிறகு கைபேசியிலிருந்தும், உள்ளூர்த் தரைவழி எண்ணிலிருந்தும், ஏற்காட்டிலோ ஆத்தூரிலோ உள்ள ஒரு தரைவழி எண்ணிலிருந்தும், பதிவில் இல்லாத புது எண்ணிலிருந்தும் அழைத்துப் பாருங்கள். இரண்டாவது மணிக்குள் எல்லாம் சரியாக வந்தால், முதல் வாரம் ஒரு மேசையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற மேசைகளுக்குக் கொடுக்கலாம்.